குக்கர் விசில் எண்ணுற ப்ராஜெக்ட்: ஒரே விசிலுக்கு ஆயிரக்கணக்குல பல்ஸ் வருது, இத எப்படி ஒண்ணாக்குறது?

அடுப்படி_எலக்ட்ரானிக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல பாட்டிக்கு காது கொஞ்சம் மந்தம், ஆனா சமையல் மட்டும் யார் கையிலயும் குடுக்க மாட்டாங்க. குக்கர அடுப்புல ஏத்திட்டு ஹால்ல வந்து உக்காந்துக்கிட்டு போறவங்க வர்றவங்கள எல்லாம் "எத்தன விசிலுடா ஆச்சு"ன்னு கேப்பாங்க, நான் மூணும்பேன், தங்கச்சி நாலும்பா, இந்த பஞ்சாயத்து முடியுறதுக்குள்ள பருப்பு கரைஞ்சே போயிருக்கும். சரி நாமதான் ஈசிஇ படிக்கிறோமே, ஒரு ஆர்டுயினோ ஊனோ (ப்ரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன போர்டு) வச்சு விசில எண்ணி பெரிய டிஸ்ப்ளேல நம்பர் காட்டலாம், செட் பண்ண எண்ணிக்கை வந்ததும் லைட் மின்னட்டும்னு ஆரம்பிச்சேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குன சவுண்ட் சென்சார் மாட்யூல்தான், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், முன்னாடி வட்டமா மைக், நடுவுல நீலக்கலர்ல சின்ன திருகு வச்ச ப்ரீசெட், எல்எம்393 ஐசி, நாலு பின். டிஓ (டிஜிட்டல் அவுட்புட்) பின்ன ஊனோவோட 2ஆம் பின்ல குடுத்து இன்டரப்ட் (பல்ஸ் வந்த உடனே தானா ஓடுற கோட்) போட்டு, வர்ற ஒவ்வொரு பல்ஸுக்கும் கவுன்ட் ஒண்ணு ஏறுற மாதிரி எழுதினேன். கைதட்டுனா ஒண்ணு ரெண்டு ஏறுது, சரின்னு சந்தோஷப்பட்டு கிச்சனுக்கு கொண்டு போனா முதல் விசில்லயே கவுன்ட் மூவாயிரத்த தாண்டி போயிடுச்சு. இன்னொரு தடவ எண்ணூத்தி சொச்சம். ஒரு கணக்கே இல்ல. ப்ரீசெட்ட திருப்புனா எல்இடி ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கு இல்லன்னா எரியவே மாட்டேங்குது, நடுவுல ஒரு மயிரிழை அளவுலதான் வேலை செய்யுது. இதுல மிக்ஸி போட்டா அதுவும் எண்ணுது, சிங்க்ல தட்டு விழுந்தா அதுவும் எண்ணுது.

எனக்கு வேண்டியது ஒரு விசில் வந்தா ஒரே ஒரு பல்ஸ், அவ்ளோதான். சென்சார் ஓட்டையா, இல்ல கோட்லதான் பிரச்சனையா? யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்க்ரோல்_பண்றவன்:

ப்ரோ சிம்பிள், முதல் பல்ஸ் வந்ததும் ஒரு 5 செகண்ட் டிலே போட்டுருங்க, அந்த நேரத்துல வர்றது எதையும் எண்ணாதீங்க. பட்டன் டிபவுன்ஸ் மாதிரிதான். ரெண்டு லைன் கோட்.

அடுப்படி_எலக்ட்ரானிக்ஸ்:

அத போட்டுப் பாத்துட்டேன் ப்ரோ. எங்க குக்கர் பழசு, விசில் ஒரு நேரம் 3 செகண்ட்ல அடங்கிடும், ஒரு நேரம் 8 செகண்ட் இழுக்கும், அப்போ ஒரே விசில் ரெண்டா விழுது. டிலேவ கூட்டுனா கரண்டி விழுந்த சத்தத்துல பூட்டிக்கிட்டு நிஜ விசில கோட்ட விட்டுடுது.

வால்வு_காலத்து_ஆளு:

தம்பி, உங்க சென்சாரும் நல்லாருக்கு கோடும் நல்லாருக்கு, அது ரெண்டும் நீங்க சொன்னதத்தான் செய்யுது. பிரச்சனை என்னன்னா நீங்க கேட்டது வேற, உங்களுக்கு வேண்டியது வேற.

விசில்ங்கிறது உங்க காதுக்கு ஒரு சத்தம். மைக்குக்கு அது செகண்டுக்கு ஆயிரக்கணக்குல மேலயும் கீழயும் போயிட்டு வர்ற வோல்டேஜ். அந்த போர்டுல இருக்குற 393 ஒரு கம்பேரட்டர், அதுக்கு தெரிஞ்சதெல்லாம் மைக்லேந்து வர்ற வோல்டேஜ் ப்ரீசெட்ல வச்ச வோல்டேஜுக்கு மேலயா கீழயாங்கிறது மட்டும்தான், அதையும் ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்ட்ல சொல்லிடும். அப்போ 3000 ஹெர்ட்ஸ் சத்தம் ஒரு செகண்ட் வந்தா அது 3000 தடவ மேல கீழ போகத்தான் செய்யும், 3000 பல்ஸ் வரத்தான் செய்யும். பட்டன் டிபவுன்ஸோட இத சேத்து யோசிக்காதீங்க, பட்டன்ல சில மில்லிசெகண்ட் அதிர்ந்துட்டு நின்னுடும், இங்க சத்தம் இருக்குற வரைக்கும் நிக்காது.

ரெண்டாவது, அந்த மாட்யூல்ல ஆம்ப்ளிஃபையரே கிடையாது. நிறைய பேருக்கு இது தெரியாது. எலக்ட்ரெட் மைக் குடுக்குறது சில மில்லிவோல்ட், ரொம்ப சத்தம் போட்டா சில பத்து மில்லிவோல்ட், அத அப்படியே கம்பேரட்டர்ல குடுத்துருக்கான். அதனாலதான் ப்ரீசெட்ல மயிரிழை அளவு இடம்தான் கிடைக்குது. அதுலயும் 5 வோல்ட் சப்ளை கொஞ்சம் ஆடுனா, பக்கத்துல ஒரு ரிலே போட்டா, உங்க செட்டிங் காலி.

நான் செய்யுறதா இருந்தா இப்படி செய்வேன், பார்ட்ஸ் எல்லாம் சேத்தா ஒரு பிளேட் பிரியாணி காசு கூட வராது. மைக்குக்கு 5 வோல்ட்ட நேரா குடுக்காதீங்க, ஒரு 1கே போட்டு அதுக்கப்புறம் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் தரைக்கு, அங்கேந்து 4.7கே வழியா மைக். சப்ளைல இருக்குற குப்பையெல்லாம் அந்த கண்டென்சர்லயே நின்னுடும். மைக்லேந்து 0.1 மைக்ரோ வழியா எல்எம்358ங்கிற ஆம்ப்ளிஃபையர் ஐசிக்கு (ஆப்-ஆம்ப்), அதோட நான்-இன்வர்ட்டிங் (ப்ளஸ்) பின்னுக்கு. அந்த பின்ன 100கே வழியா ஒரு பயாஸ் வோல்டேஜுக்கு (சத்தம் இல்லாதப்போ சிக்னல் நிக்குற நடு வோல்டேஜ்) இழுத்து வைங்க. பயாஸ் எவ்வளவுன்னா எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு பாதி சப்ளை, 2.5 வோல்ட்டும்பாங்க. 358 அவுட்புட் சப்ளை வரைக்கும் ஏறாது தம்பி, 5 வோல்ட் குடுத்தா 3.5 தாண்டாது. அதனால 20கே மேல, 10கே கீழ போட்டு 1.67 வோல்ட்ல உக்கார வைங்க, அப்பதான் ரெண்டு பக்கமும் சமமா ஆட இடம் இருக்கும். பயாஸ் புள்ளில ஒரு 10 மைக்ரோ தரைக்கு போட மறக்காதீங்க.

கெய்ன் 100 போதும். ஃபீட்பேக்ல 100கே, இன்வர்ட்டிங் பின்லேந்து தரைக்கு 1கே, அந்த 1கேவோட சீரியஸ்ல ஒரு 104, அதாவது 0.1 மைக்ரோ கண்டென்சர். இந்த 104 மேல கண்ணு வைங்க, மொத்த சர்க்யூட்லயும் அதுதான் முக்கியம். 1கேவும் 0.1 மைக்ரோவும் சேந்தா கட்டாஃப் 1600 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதுக்கு மேல இருக்குற சத்தத்துக்குத்தான் 100 மடங்கு, கீழ போகப்போக கெய்ன் குறைஞ்சுக்கிட்டே போகும், 160 ஹெர்ட்ஸ்ல பத்து மடங்குதான். வீட்ல பேசுறது, டிவி சத்தம், எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமுறது எல்லாம் பாதிக்கு மேல அங்கயே அடங்கிடும். விசில் தப்பிச்சு வந்துடும். தனியா ஃபில்டர்னு ஒண்ணு கட்டத் தேவையில்ல.

அடுத்து என்வலப் டிடெக்டர், அதாவது சத்தத்தோட அளவ மட்டும் எடுக்குற பகுதி. ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்லேந்து 1 மைக்ரோ கண்டென்சர், அதுக்கப்புறம் ரெண்டு 1என்4148 டயோடு, ஒண்ணு தரைலேந்து மேல பாத்து, இன்னொண்ணு முன்னாடி பாத்து, கடைசில 4.7 மைக்ரோவும் 100கேவும் பேரலல்ல தரைக்கு. முள்ளு முள்ளா இருக்குற வேவ்ஃபார்ம் மேல போர்வைய போத்துன மாதிரி, விசில் வந்தா வோல்டேஜ் மெதுவா ஏறும், நின்னா அரை செகண்ட்ல இறங்கும். குக்கர் வெயிட்டு ஆடும்போது விசில் விட்டு விட்டு வரும் பாத்தீங்களா, அந்த இடைவெளியெல்லாம் இதுல மறைஞ்சிடும்.

இப்போ இத கம்பேரட்டர்ல குடுங்க. என்வலப்ப மைனஸ் பின்னுக்கு, ப்ரீசெட்லேந்து 10கே வழியா ப்ளஸ் பின்னுக்கு, அவுட்புட்லேந்து ப்ளஸ் பின்னுக்கு ஒரு 100கே. அவுட்புட் ஓப்பன் கலெக்டர், தரைக்கு மட்டும்தான் இழுக்கும், சப்ளைக்கு 10கே புல்-அப் போட்டாத்தான் ஹை வரும். அந்த 100கேதான் ஹிஸ்டரிசிஸ், ஏறும்போது ஒரு வோல்டேஜ்ல மாறும், இறங்கும்போது கிட்டத்தட்ட 0.4 வோல்ட் கீழ வந்தாத்தான் திரும்ப மாறும். அது இல்லன்னா என்வலப் மெதுவா கடக்குற நேரத்துல திரும்பவும் பத்து பல்ஸ் தெறிக்கும். (ஸ்மிட் ட்ரிகர்ங்கிறோமே, அது இதேதான். ஓட்டோ ஸ்மிட்னு ஒரு அமெரிக்கர் 1934ல மாணவரா இருக்கும்போதே செஞ்சாரு, கணவாய் மீனோட நரம்புல சிக்னல் எப்படி போகுதுன்னு படிச்சுக்கிட்டிருந்தவரு. பழைய ரேடியோல இருக்குமே, அந்த மாதிரி வால்வுல கட்டுனது. மீன் நரம்புலேந்து வந்த யோசனை இன்னிக்கு குக்கருக்கு வருது.)

இப்படி கட்டுனா விசில் இருக்குற வரைக்கும் அவுட்புட் லோ, நின்னதும் ஹை. ஒரு விசில், ஒரு பல்ஸ்.

செமிகோலன்_அக்கா:

மேல சொன்ன சர்க்யூட் அழகா இருக்கு சார், ஆனா நான் ஒரு விஷயத்துல உங்களோட சண்ட போடப் போறேன். அந்த மூவாயிரம் பல்ஸ குப்பைன்னு தூக்கி போடுறோம், அது குப்பை இல்ல. என்வலப் போட்டதும் "சத்தமா இருக்கு, சத்தமா இல்ல" இது மட்டும்தான் கைல மிஞ்சுது, என்ன சத்தம்ங்கிற தகவல் போயிடுது. அப்புறம் மிக்ஸிய எப்படி பிரிப்பீங்க?

தம்பி நீங்க இன்டரப்ட்ட அப்படியே விடுங்க. ஒரே ஒரு மாத்தம், அந்த கவுன்ட்ட விசில் எண்ணிக்கையா பாக்காதீங்க. 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ மெயின் லூப்ல அந்த எண்ண எடுத்து வச்சுக்கிட்டு திரும்ப ஜீரோ பண்ணுங்க. எடுக்கும்போது இன்டரப்ட்ட ஒரு கணம் நிறுத்தி, எண்ண காப்பி பண்ணி, ஜீரோ போட்டு, திரும்ப ஆன் பண்ணுங்க, ஏன்னா ஊனோல இருக்குறது 8 பிட் சிப், 16 பிட் எண்ண ரெண்டு தவணைல படிக்கும், நடுவுல இன்டரப்ட் வந்தா பாதி பழசு பாதி புதுசா ஒரு எண் கைல வரும். வேரியபிள வோலட்டைல்னு அறிவிக்கணும், அத விட்டுட்டா கம்பைலர் அதோட இஷ்டத்துக்கு ஆப்டிமைஸ் பண்ணிடும். இன்டரப்ட்டே வேண்டாம்னா 5ஆம் பின்ல குடுங்க, அது டைமர் 1ஓட வெளி க்ளாக் இன்புட், ஹார்ட்வேரே எண்ணிக்கும், நீங்க போய் படிச்சா போதும்.

இப்போ கைல இருக்குறது கிட்டத்தட்ட ஃப்ரீக்வென்சி மீட்டர். 3000 ஹெர்ட்ஸ்னா 50 மில்லிசெகண்டுல 150 வரும், 500 ஹெர்ட்ஸ்னா 25தான். சீரியல் மானிட்டர்ல அந்த எண்ண மட்டும் ஓட விட்டு பத்து நிமிஷம் கிச்சன்ல உக்காருங்க, எந்த சத்தத்துக்கு என்ன எண் வருதுன்னு உங்களுக்கே பிடிபடும். யார் வீட்டு குக்கர் எந்த சுருதின்னு எனக்கு தெரியாது, உங்க வீட்ல பாத்துத்தான் எல்லை வைக்கணும்.

அதுக்கப்புறம் சின்னதா ஒரு ஸ்டேட் மெஷின். அமைதி, சந்தேகம், விசில், ஆறுதல்னு நாலு நிலை. அமைதில இருக்கும்போது ஒரு ஜன்னல்ல, அதாவது ஒரு 50 மில்லிசெகண்ட்ல, எண் எல்லைக்குள்ள வந்தா சந்தேகத்துக்கு போகணும். சந்தேகத்துல ஒரு செகண்ட், 20 ஜன்னல், அதுல குறைஞ்சது 14 எல்லைக்குள்ள இருந்தா விசில்னு ஒத்துக்கணும், இல்லன்னா திரும்ப அமைதி. தட்டு விழுந்தது இங்கயே கழண்டுடும், அதோட சத்தம் ஒரு செகண்ட் நிக்காது. விசில் நிலைக்கு போற அந்த இடத்துல மட்டும் எண்ணிக்கை ஒண்ணு கூட்டணும், வேற எங்கயும் கூட்டவே கூடாது. சத்தம் ஒரு முழு செகண்ட் நின்னா ஆறுதலுக்கு போய் ஒரு 6, 7 செகண்ட் எதையும் காதுல வாங்காம இருக்கணும், ஏன்னா ஒரு விசில் முடிஞ்சு திரும்ப ப்ரெஷர் கட்டணும், உடனே அடுத்தது வராது. அப்புறம் அமைதி. இதுல எங்கயும் டிலே கிடையாது, எல்லாம் மில்லிஸ் (ஆர்டுயினோவோட மில்லிசெகண்ட் கடிகாரம்) கணக்குதான், அதனால டிஸ்ப்ளே பட்டன் எல்லாம் பக்கத்துல பாட்டுக்கு ஓடும்.

ஏஓ (அனலாக் அவுட்புட்) பின்ன அனலாக்ல படிச்சா என்னன்னு யாராவது கேப்பீங்க. ஊனோவோட ஏடிசில (வோல்டேஜ எண்ணா மாத்துற பகுதி) ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஆம்ப்ளிஃபையர் இல்லாத அந்த மாட்யூல்ல மைக் சிக்னல் மொத்தமே அஞ்சாறு படிதான் ஆடும். முதல்ல பெருக்கணும், அப்புறம்தான் படிக்கணும்.

வால்வு_காலத்து_ஆளு:

அம்மா நீங்க சொல்றது நியாயம்தான், ஒத்துக்கிறேன், ஆனா ஒண்ணு. பெருக்காத மாட்யூல்ல அந்த எண்ண நம்ப முடியாது. வேவ்ஃபார்ம் உச்சி மட்டும் ப்ரீசெட் கோட்ட தொடுற நிலைல இருந்தா பத்து சுத்துக்கு மூணு பல்ஸ்தான் வரும், குக்கர மூணாவது பர்னருக்கு தள்ளி வச்சா எண் பாதியாயிடும். அதனால என்னோட 358 பகுதிய வச்சுக்கிட்டு என்வலப்ப மட்டும் தூக்கிடுங்க, ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்ட நேரா ஹிஸ்டரிசிஸோட 393க்கு. ப்ரீசெட்ட பயாஸ் வோல்டேஜுக்கு கொஞ்சம் மேல வைங்க, 1.67ன்னா ஒரு 2.1 போல. சத்தம் இல்லாதப்போ ஒரு பல்ஸ் கூட வராது, வந்தா நல்லா நிறைஞ்சு வரும். அதுக்கப்புறம் உங்க கோட ஓட்டுங்க.

வடமராட்சி_பெடியன்:

நான் இத குக்கருக்கு இல்ல, வீட்டுக் கேற்ற ஆக்கள் தட்டுறத கண்டுபிடிக்கச் செய்தனான், ஊனோவுக்குப் பதிலா இ.எஸ்.பி32 எண்ட போர்ட் பாவிக்கிறன். அதில செய்யிற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்லுறன். இ.எஸ்.பி32ன்ர பின்னுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல குடுக்கக் கூடாது. வெறும் 393 சிப் எண்டால் சப்ளைய 5ல வச்சுக்கொண்டு புல்-அப்ப மட்டும் 3.3க்கு போட்டால் சரி, ஓப்பன் கலெக்டர் எண்ட படியால் ஒரு பிரச்சினையும் வராது. ஆனா அந்த ரெடிமேட் மொட்யூலில புல்-அப் ஏற்கெனவே போர்ட்டில இருக்கு, அது தன்ர சப்ளைக்குத்தான் இழுக்கும், அதால மொட்யூலுக்கே 3.3 குடுங்கோ. அப்பிடி குடுக்கேக்க 393ன்ர இன்புட் சப்ளைய விட 1.5 வோல்ட் கீழ இருக்கோணும், அதாவது 1.8க்கு கிட்ட, அதையும் பாத்துக்கொள்ளுங்கோ.

மற்றது அதுக்குள்ள பல்ஸ் கவுன்டர் எண்டு தனிய ஒரு ஹார்ட்வேர் இருக்கு, சின்னச் சின்ன கிளிச்சுகள தானாவே வடிகட்டும், அக்கா சொன்ன 50 மில்லிசெகண்ட் வேலைக்கு நல்லாப் பொருந்தும். சி3 மாதிரி சில வகையில அது இல்லை, வாங்க முதல் பாருங்கோ.

கேற்றுக்கு நான் மைக் போடேல்ல, பியசோ தட்டு (அதிர்வ வோல்டேஜா மாத்துற தட்டு) ஒட்டினனான். ஓங்கித் தட்டினால் அதிலயிருந்து பெரிய வோல்டேஜ் வரும், 1 மெகா ஓம் பரலலா போட்டு டயோட்டால கட்டாட்டி பின் செத்துப்போம். அடுப்புக்குக் கிட்ட பியசோ வேண்டாம், சூட்டுக்கு ஒட்டு விட்டிடும்.

அடுப்படி_எலக்ட்ரானிக்ஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விளக்கமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல. சார் சொன்ன மாதிரி 358 போட்டு ஒரு ஜீரோ போர்டுல சால்டர் பண்ணிட்டேன், என்வலப் இல்லாம நேரா 393, அக்கா சொன்ன 50 மில்லிசெகண்ட் கணக்கு. மைக் அதே மாட்யூல்லேந்து கழட்டுனதுதான்.

எண்கள பாத்தா எனக்கே ஆச்சரியமா இருக்கு. எங்க குக்கர் விசில் ஆரம்பத்துல 110 பக்கம் வந்து அப்புறம் 140லேந்து 180க்குள்ள நிக்குது. விசிலுக்கு முன்னாடி வெயிட்டு ஓரமா புஸ்ஸுன்னு ஆவி வருமே, அதுக்கு எண் தாறுமாறா குதிக்குது ஆனா தொடர்ச்சியா இல்ல, நடுநடுவுல ஜீரோ வந்துடுது. டிவிக்கு ஏறக்குறைய ஒண்ணுமே வரல. தட்டு விழுந்தா 200க்கு மேல ஒரு துள்ளு, ரெண்டு மூணு ஜன்னல்ல காலி. மிக்ஸிதான், வேகத்த பொறுத்து 55லேந்து 75, ஆனா தேங்கா துண்டு போட்டு முதல்ல அரைக்கும்போது 120 வரைக்கும் போகுது. எல்லைய 125லேந்து 195ன்னு வச்சிருக்கேன், நேத்து சாயங்காலம் சாதம், பருப்பு, சுண்டல் மூணும் சரியா எண்ணிச்சு, பாட்டிக்கு இன்னும் நம்பிக்கை வரல, பக்கத்துல சாக்பீஸ் கோடு போட்டு தானும் எண்ணுறாங்க.

ரெண்டு சந்தேகம். மிக்ஸிக்கு ஏன் 60 பக்கமே வருது, அது எதேச்சையா? இன்னொண்ணு, எண்ணிக்கை முடிஞ்சதும் பஸ்ஸர் அடிக்க விட்டேன், பஸ்ஸர் நின்னதும் எண்ணிக்கை தானா ஒண்ணு கூடிடுது, எப்படின்னே புரியல.

டேட்டாஷீட்_தாசன்:

எதேச்சையா இல்ல. மிக்ஸி மோட்டார் யுனிவர்சல் மோட்டார், சுமை கம்மியா இருக்கும்போது நிமிஷத்துக்கு 18000 சுத்து போல ஓடும், செகண்டுக்கு 300. ஜார்ல நாலு இறக்கை பிளேடு, அப்போ செகண்டுக்கு 1200 வெட்டு, 50 மில்லிசெகண்ட்ல 60. உங்க சீரியல் மானிட்டர் மிக்ஸியோட ஆர்பிஎம்ம காட்டிட்டிருக்கு. தேங்கா கடகடன்னு ஜார் சுவத்துல மோதுற சத்தம்தான் எண்ண 120க்கு ஏத்துது, அது அரைபட்டதும் இறங்கிடும். 125ங்கிற எல்லை அதுக்கு ரொம்ப ஒட்டி இருக்கு, 130க்கு ஏத்திட்டு, விசிலுக்கு வேண்டிய தொடர்ச்சிய 20ல 14லேந்து 16ஆ கூட்டிப் பாருங்க, தேங்கா சத்தம் அவ்ளோ ஒழுங்கா நிக்காது.

இந்த எண் சுத்தமான ஃப்ரீக்வென்சி இல்லங்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க. விசில்ல ஒரு சுருதி மட்டும் இல்ல, கூடவே ஆவி சீறுற இரைச்சலும் இருக்கு, கம்பேரட்டர் எல்லாத்தையும் சேத்துத்தான் எண்ணுது. ஒரே வீட்ல ஒரே குக்கருக்கு இது தாராளமா போதும். ரெண்டு குக்கர் ஒரே நேரத்துல வச்சு தனித்தனியா எண்ணணும்னா இந்த வழி படுத்துடும், அப்போ ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்ட ஏடிசில படிச்சு கோர்ட்செல் போடணும். ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருக்குன்னு மட்டும் கணக்கு போடுற முறை, டெலிஃபோன் பட்டன் டோன்கள பிரிக்க இதத்தான் வச்சிருந்தாங்க, முழு எஃப்எஃப்டி (எல்லா ஃப்ரீக்வென்சியையும் பிரிக்குற கணக்கு) தேவையில்லாததால ஊனோவே தாங்கும். அனலாக்ரீட் சாதாரணமா செகண்டுக்கு 9600 சாம்பிள் போல குடுக்கும், 4800 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்குற சத்தத்துக்கு சரி, அதுக்கு மேல இருக்குறது கீழ மடங்கி வந்து குழப்பும். ஐ2எஸ் (டிஜிட்டல் ஆடியோ இணைப்பு) மைக் ஐஎன்எம்பி441 வாங்கி இ.எஸ்.பி32ல போட்டா மைக்குக்குள்ளயே டிஜிட்டல் ஆயிடும், கம்பேரட்டரே வேண்டாம், ஆனா உங்க வேலைக்கு அது தேவையில்லாத செலவு.

பஸ்ஸர் விஷயம் ஈசி. உங்க மைக் உங்க பஸ்ஸரத்தான் கேக்குது. அந்த மாதிரி சின்ன பஸ்ஸர் பெரும்பாலும் 2000லேந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள அடிக்கும், அதாவது 100லேந்து 200, உங்க விசில் எல்லைக்கு நட்டநடுவுல. ஒரு செகண்டுக்கு மேல அடிச்சா ஸ்டேட் மெஷின் அத விசில்னு நம்பத்தான் செய்யும், டிஸ்ப்ளேய நீங்க பஸ்ஸர் முடிஞ்சப்புறம்தான் புதுப்பிக்கிறீங்க போல, அதனால நின்னதும் கூடுன மாதிரி தெரியுது. பஸ்ஸர் ஓடும்போதும் அது நின்னு அரை செகண்ட் வரைக்கும் பல்ஸ எடுத்து தூக்கி போட்டுருங்க.

ஸ்க்ரோல்_பண்றவன்:

செம்ம தல. அடுத்து ஒரு செர்வோ மோட்டார் வச்சு கேஸ் நாப்பையும் தானா திருப்பி ஆஃப் பண்ணிடுங்க, பாட்டி எழுந்திரிக்கவே வேண்டாம் 😄

செமிகோலன்_அக்கா:

அத மட்டும் செய்யாதீங்க. சின்ன செர்வோக்கு பவர் குறைஞ்சா பாதி திருப்புன இடத்துல நிக்கும், சிம் பக்கம் நின்னு தீ காத்துல அணைஞ்சா கேஸ் மட்டும் வந்துக்கிட்டிருக்கும். ரெண்டு விசில் கூட போனா பருப்புதான் குழையும். லைட்டும் சத்தமும் போதும், நாப்ப மனுஷங்க திருப்பட்டும்.

தம்பி, பாட்டிக்கு காது மந்தம்னு சொன்னீங்களே, பஸ்ஸர எடுத்துட்டு ஹால்ல ஒரு பளிச்சுன்னு மின்னுற எல்இடி ஸ்ட்ரிப் போட்டா அவங்களுக்கும் உதவும், அந்த மைக் பிரச்சனையும் இல்ல.

வால்வு_காலத்து_ஆளு:

மைக்க எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்ல. அடுப்புக்கு நேர் மேல வைக்காதீங்க, ஆவியும் எண்ணெய் பிசுக்கும் முன்னாடி இருக்குற கருப்பு துணில படிஞ்சு கொஞ்ச மாசத்துல செவிடாயிடும். எலக்ட்ரெட்டுக்குள்ள நிரந்தரமா சார்ஜ் ஏத்துன ஒரு மெல்லிய படலம் இருக்கு, 1962ல பெல் லேப்ல செஸ்லரும் வெஸ்ட்டும் செஞ்சது, ஈரமும் சூடும் அதுக்கு ஆகாது. பக்கவாட்டு சுவத்துல, மூணு நாலு அடி தள்ளி, அடுப்ப பாத்து வைங்க. தூரம் ரெண்டு மடங்கானா சிக்னல் பாதியாகும், அத ப்ரீசெட்ல சரிக்கட்டிக்கலாம். மைக்லேந்து போர்டுக்கு ஒயர் நீளமா போகுதுன்னா ஷீல்டு ஒயர் போடுங்க, ஷீல்ட போர்டு பக்கம் மட்டும் தரைல கட்டுங்க.

அடுப்படி_எலக்ட்ரானிக்ஸ்:

சிம்னிக்கு கீழதான் சார் வச்சிருந்தேன், இன்னிக்கே ஃப்ரிட்ஜ் பக்கத்து சுவத்துக்கு மாத்திடுறேன். பஸ்ஸர எடுத்துட்டேன், எல்இடி ஸ்ட்ரிப் ஆர்டர் போட்டாச்சு. 16ஆ கூட்டுனதுல தேங்கா தொல்லை போயிடுச்சு. சர்க்யூட்ட கைல வரைஞ்சு ஃபோட்டோ எடுத்து நாளைக்கு இங்க போடுறேன், 358ல மிச்சம் இருக்குற ரெண்டாவது ஆப்-ஆம்ப சும்மா விடலாமா இல்ல எங்கயாவது கட்டணுமா?

டேட்டாஷீட்_தாசன்:

சும்மா தொங்க விடாதீங்க, அது பாட்டுக்கு ஆடி சப்ளைல இரைச்சல் போடும். அவுட்புட்ட மைனஸ் பின்னோட கட்டிட்டு ப்ளஸ் பின்ன அந்த 1.67 பயாஸ் புள்ளில குடுத்துருங்க. 393லயும் ரெண்டாவது கம்பேரட்டர் மிச்சம் இருக்கும், அதுக்கு ரெண்டு இன்புட்டையும் தரைக்கு கட்டிட்டு அவுட்புட்ட அப்படியே விட்டுடலாம்.